ஹனோயில் கோமதி நடந்த தெரு

மற்ற ஊர்களைப் பார்த்துப் பொறாமைப்படும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. கல்யாணம் நிச்சயமானால் சனங்கள் எங்கிருந்தாலும் காஞ்சிபுரத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்ற மிதப்பிலேயே பட்டுச்சேலைக் கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். அந்த மிதப்பை ஒன்பது நாளில் இறக்கிவிட்டது வியட்நாமின் ஹனோய் நகரம்.

என் மகள் நித்யா ஒரகடம் பக்கம் செல்போன் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். ஒரு வருஷத்துக்கு அவளை ஹனோய் அருகிலுள்ள ஆலைக்கு அனுப்பியிருந்தார்கள். தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு, வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று தினமும் கூப்பிட்டாள். நான் தயங்கியதற்குக் காரணம் கோமதியின் கால்.

கோமதி என் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் கடைக்கு எதிரே தெருவைக் கடக்கும்போது ஒரு பைக் அவளை இடித்துத் தள்ளியது. வலது தொடையில் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள்தான் நடக்கவில்லை. முன்பெல்லாம் எங்கள் கடைத்தெரு வழியாகவே நடந்து காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய்வருவாள். இப்போது வாசலுக்கு ஆட்டோ வந்தால் கோயில், வராவிட்டால் இல்லை. தெருவில் இறங்கினால் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். ஹார்ன் சத்தம் கேட்டால் பிடி இறுகும்.

"அந்த ஊர்ல வண்டி எப்படிடீ?" என்று நித்யாவிடம் போனில் கேட்டாள்.

"நம்மூர் மாதிரிதாம்மா. பைக் ஜாஸ்தி."

"அப்போ நான் வூட்டுக்குள்ளயே இருந்துக்குறேன். உன்னப் பாத்தா போதும்."

போய் இறங்கிய புதன்கிழமை எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. நித்யாவின் குடியிருப்பு பழைய நகரத்தை ஒட்டி இருந்தது. வழி முழுக்க பைக் வெள்ளம். ஒரு பைக்கில் அப்பா, அம்மா, நடுவில் குழந்தை, காலடியில் தண்ணீர்க் கேன். நடைபாதையில் காலூன்ற இடமில்லை. பாதி பைக் நிறுத்தம், மீதி குட்டி நாற்காலி போட்ட சாப்பாட்டுக் கடை. ‘ஆக, நாம் மட்டும் இல்லை’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கோமதி சொன்னபடியே வீட்டுக்குள் இருந்துகொண்டு ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை சாப்பாட்டுப் பிரச்சினை. கார்த்திகை மாதத்தில் கோமதி கவிச்சி தொடமாட்டாள். அந்த ஊரிலோ கீரைக் கிண்ணத்தின் அடியிலும் ஒரு கறித்துண்டு படுத்திருக்கும். ‘சாய்’ என்று பலகை போட்டிருந்தால் சைவக் கடை என்று நித்யா சொல்லிக்கொடுத்தாள். பலகையைப் பார்த்து டீக்கடை என்று நினைத்து நுழைந்து, டீ கிடைக்காமல் சோயாக்கட்டி சாப்பிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

கீழே தெருவில் ஒரு அம்மாள் கொதிக்கும் பானைமேல் துணியை இழுத்துக் கட்டி, அதில் அரிசிமாவை மெல்லிசாகத் தடவி, மூடிவைத்து, வெந்ததும் மூங்கில் குச்சியால் சுருட்டி எடுத்தாள். நம் இட்லித்துணி வேலைதான். ஆனால் ஈரத்துணியிலிருந்து இட்லியைப் பிய்த்தெடுக்க நாம் படுகிற பாடு அவளுக்கு இல்லை. குச்சி போனது, வந்தது, அவ்வளவுதான். உள்ளே கறி வைக்காமல் காளான் மட்டும் வைத்துத் தரச்சொல்லி வாங்கிவந்தேன். கோமதி இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, "கோயில் இட்லிய விட சாஃப்ட்டா இருக்குதுங்க," என்றாள். காஞ்சிபுரத்தில் பிறந்தவள் வாயில் இந்தப் பேச்சு வந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வாடகை பைக்கில் தனியாக நூல் சந்தை பார்க்கப் புறப்பட்டேன். ஓட்டுநர் ஒரு பச்சை ஹெல்மெட்டை என் தலையில் மாட்டினார். அந்த மொழியில் ஒரே எழுத்தை ஆறு விதமாக இழுக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு அர்த்தம். நான் இழுத்த இழுப்பில் அவர் என்னை ஒரு மீன் சந்தை வாசலில் இறக்கிவிட்டு, தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். திரும்பிவர ஒன்றரை மணி நேரம். ஹெல்மெட் என் தலையிலேயே இருந்தது. இதைக் கேட்டு கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

சனிக்கிழமை காலை நித்யாவுக்கு விடுமுறை. நகரத்தின் நடுவில் ஒரு ஏரி, கரையிலிருந்து சிவப்புப் பாலம், பாலத்தின் முடிவில் கோயில். கோயில் என்றதும் கோமதி கிளம்பிவிட்டாள். டாக்சி ஏரியை நெருங்கும் முன்பே ஒரு திருப்பத்தில் நின்றது. எதிரே தெருவை அடைத்து இரும்புத் தடுப்பு. ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டு இறங்கச் சொன்னார்.

"இங்கருந்து நடந்துதாம்ப்பா போவணும்," என்றாள் நித்யா. "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலருந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் வண்டி வுட மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கால் முடியாதவங்கன்னு சொல்லு. வாசல்ல எறக்கிட்டுப் போவ சொல்லு," என்றேன்.

நித்யா சொன்னாள். ஓட்டுநர் தடுப்பைக் காட்டினார், தன் கையையும் விரித்தார். அவர் வண்டியே உள்ளே போகாது என்றால் அவர்தான் என்ன செய்வார். நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துத் திரும்பினால் கோமதியைக் காணவில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நடைபாதையில் அல்ல, நடுரோட்டில். நான்கு வண்டி ஒரே நேரத்தில் போகக்கூடிய அகலம். அதில் ஒரு தாத்தா பேரனுக்குப் பந்து உருட்டிக்கொண்டிருந்தார். பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக நின்று விசிறி பிடித்து ஆடினார்கள். தரையில் யாரோ சாக்கட்டியால் கட்டம் போட்டிருந்தார்கள். கோமதி ஐந்தாறு அடி வைத்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன், சட்டையைப் பிடிப்பாள் என்று. பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நடந்தாள்.

எல்லோரும் சந்தோஷப்பட வேண்டிய இடம். நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வந்தது பொறாமை. இரண்டு வருஷமாக எத்தனை எண்ணெய், எத்தனை பிசியோதெரபி, எத்தனை முறை கெஞ்சியிருப்பேன். எதற்கும் அசையாதவளை, பெயர்கூட வாயில் நுழையாத ஒரு தெரு ஐந்து நிமிடத்தில் நடக்கவைத்துவிட்டது. அதுவும் பணக்கார நாட்டுத் தெரு என்றால் மனம் ஆறும். நேற்றுவரை நம்மைப் போலவே புகையும் இரைச்சலுமாக இருந்த ஊர்.

ஏரியைத் தாண்டிய தெருவில் ஒரு பட்டுக்கடை. தொழில் புத்தி, நுழைந்துவிட்டேன். கடைக்காரப் பெண்மணியின் பெயர் லான், ஐம்பது வயதிருக்கும். மரச் சட்டத்தில் பட்டுத்துணிகளை விரித்துத் தெருவிலேயே வைத்திருந்தாள். எங்கள் தெருவில் அப்படி வைத்தால் மத்தியானத்துக்குள் ஜரிகை கறுத்துவிடும். நாங்கள் எவ்வளவு உயர்ந்த சேலையையும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, கண்ணாடிக்கு முன்னால் நாலு காரை நிறுத்திவைப்போம்.

துணியைத் தொட்டுப் பார்த்தேன். மெல்லிசு. நம் முகூர்த்தச் சேலைக்கு முன்னால் கைக்குட்டை என்று சொல்லலாம். அந்தக் கைக்குட்டையைப் பார்க்க, நடந்து போகிறவர்களில் பாதிப் பேர் நின்றார்கள். நின்றவர்கள் தொட்டார்கள். தொட்டவர்கள் உள்ளே வந்தார்கள். என் மனைவி, நெசவாளர் வீட்டில் பிறந்து பட்டுக்கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள், தனக்கு ஒரு சால்வையும் தங்கைக்கு ஒன்றும் எடுத்துக்கொண்டாள்.

நித்யாவின் செல்போன் மொழிபெயர்க்க, லானிடம் கேட்டேன்: "வாசலில் வண்டி நிற்காமல் வியாபாரம் எப்படி நடக்கிறது?"

அவள் சிரித்தாள். "வண்டிகளைத் தடுத்த ஆரம்பத்தில் நான் தினமும் திட்டினேன். என் வாடிக்கையாளர்கள் வயதானவர்கள், நடக்க மாட்டார்கள், கடையை மூட வேண்டியதுதான் என்று கூட்டத்தில் எழுந்து கத்தினேன்."

"இப்போது?"

"இப்போது திங்கட்கிழமை வந்தால் எரிச்சலாக இருக்கிறது. வண்டிகள் திரும்பி வந்துவிடுகின்றன. வண்டியில் போகிறவன் துணியைப் பார்ப்பதில்லை, முன்னால் போகும் வண்டியைத்தான் பார்க்கிறான்."

அவள் கூட்டத்தில் எழுந்து கத்தினேன் என்றாளே, நானும் கத்தியிருக்கிறேன். கோமதிக்கு அடிபடுவதற்கு ஆறு மாதம் முன்பு, எங்கள் கடைத்தெருவில் வார இறுதியில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடக்க மட்டும் விடலாமா என்று ஒரு யோசனை வந்தது. அதிகாரிகள் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் வியாபாரிகள் சங்கச் செயலாளர். மைக் பிடித்து, "கல்யாண வீட்டுக்காரங்க கார் கடை வாசலுக்கு வந்தாத்தான் பொழப்பு. நடக்க ஆசைப்படறவங்க பீச்சுக்குப் போவட்டும்," என்றேன். பலத்த கைதட்டல். எதிர்ப்பு மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. யோசனை அதோடு நின்றது. கோமதிக்கு இது தெரியாது. அடிபட்ட பிறகு சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நித்யாவை எதிர்பார்க்காமல் கோமதியே என்னோடு கிளம்பினாள். ஏரிக்கரையில் ஒரு கல்பெஞ்சில் உட்கார்ந்து, ஆவியில் வெந்த சோளக்கதிரை ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம்.

"ஏங்க, நம்மூர்ல இந்த மாதிரி பண்ணணும்னு ஒருத்தருக்குமா தோணல?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மைக், கைதட்டல், கையெழுத்து எல்லாம்.

கோமதி சோளத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு அடிபடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. ஆறு மாசம்."

எழுந்தாள். ஏரியைச் சுற்றிப் போகும் வழியில் நடக்க ஆரம்பித்தாள். நானும் எழுந்தேன். "நீங்க வராதீங்க," என்றாள்.

அது சின்ன ஏரிதான். ஆனால் அவள் காலுக்கு அது பெரிய சுற்று. அவளுடைய மஞ்சள் சேலை மரங்களுக்கு நடுவே தெரிந்தும் மறைந்தும் எதிர்க்கரைக்குப் போனது. நடுவில் ஒருமுறை வெகுநேரம் காணவில்லை. விழுந்திருப்பாளோ என்று எழுந்து நின்றுவிட்டேன். பிறகு பார்த்தால் விசிறி ஆடும் பெண்கள் பக்கத்தில் நிற்கிறாள். ஒருத்தி அவள் கையில் விசிறியைக் கொடுத்து ஏதோ கற்றுக்கொடுக்கிறாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்மீது எனக்கு வந்த பொறாமையை எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிடம் கோமதிக்கு என்னைவிட அவள் வேண்டியவளாக இருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடையைத் தேய்த்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது." காலை நீட்டிக்கொண்டாள். "ஊருக்குப் போயி இதே மாதிரி சங்கத்துக்காரங்களாண்டயும் சொல்லுங்க. என்னாண்ட மட்டும் சொல்லி இன்னா ஆவப் போவுது?"

மீதியிருந்த நாட்களில் என்னோடு அளவாகத்தான் பேசினாள். காலையில் தனியாக மாடியிறங்கி, இட்லித்துணி அம்மாளிடம் விரல் காட்டி இரண்டு தட்டு வாங்கிவந்தாள். திங்கட்கிழமை தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். பைக்குகள் திரும்ப வந்தன. அந்தத் தெருவைப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஊர் திரும்பிய அன்று நல்ல மழை. கடைத்தெரு முனையில் எங்கள் கார் இருபது நிமிடம் நின்றது. முன்னால் ஐயப்ப பக்தர்களின் வேன், பின்னால் ஷேர் ஆட்டோ, பக்கவாட்டில் முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி பெண்கள். கோமதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

அந்த வாரமே சங்கத்தைக் கூட்டினேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டிலிருந்து மத்தியானம் இரண்டு மணிவரை, வண்டி இல்லாமல் பார்ப்போம் என்றேன். முதலில் எழுந்தவன் தயாளன். என் கடைக்கு மூன்று கடை தள்ளி அவன் கடை. எனக்குப் பின்னால் கடை வைத்து, எனக்கு முன்னால் ஏசி போட்டவன்.

"இன்னாண்ணா, ஃபாரின் போய்ட்டு வந்துட்டா எல்லாத்தியும் மறந்துட்றதா? அன்னிக்கு மைக் புடிச்சிக்கினு பேசுனது யாரு? பீச்சுக்குப் போவ சொன்னது யாரு?"

"நாந்தான்," என்றேன். "தப்பாப் பேசிட்டேன். அது நடந்து ஆறு மாசத்துல எம் பொண்டாட்டி இதே தெருவுல அடிபட்டு வுழுந்தா. அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியாது. ஆனா தொறந்தேன்."

கோமதியை ஆட்டோவில் தூக்கி வைத்தவர்களில் தயாளனும் ஒருவன். அவன் உட்கார்ந்துவிட்டான். பிறகு கேள்விகள் வந்தன. பக்தர்கள் வேன் எங்கே நிற்கும், கிழவர்கள் எப்படி வருவார்கள். ஐயம்பேட்டையிலிருந்து என் கடைக்கு வேலைக்கு வரும் சுமதி டீ கொடுத்துக்கொண்டே, "எங்களுக்கு ஷேர் ஆட்டோ முனையில எறக்கிவுட்டாப் போதும்ணா, இப்பவும் அங்கதான் எறக்குறான்," என்றாள். கடைசியில், மார்கழியில் கல்யாணம் இல்லை, நஷ்டம் வந்தாலும் பெரிதாக வராது என்பதால் ஒப்புக்கொண்டார்கள். கயிறு கட்டுவது, காவல் நிற்பது, திட்டு வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. போலீசில் அனுமதி கிடைத்தது.

அந்த ஞாயிறு எட்டு மணிக்குத் தெருவின் இரண்டு முனையிலும் கயிற்றைக் கட்டிவிட்டு வடக்கு முனையில் நின்றேன். ஒன்பதரைவரை தெருவில் ஈ காக்கை இல்லை. கடைக்காரர்கள் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள். "பந்த் மாதிரி இருக்குதுண்ணா," என்று தயாளன் குரல் கொடுத்தான். ஒரு பைக்காரர் என்னைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டுவிட்டு வேறு வழியாகப் போனார்.

பத்து மணிக்குக் கர்நாடகத்திலிருந்து வந்த வேனில் இருபது பேர் இறங்கி நடந்து வந்தார்கள். பெண்கள் ஐந்து பேர் கைகோத்துத் தெருவின் முழு அகலத்துக்கும் நடந்தார்கள். அதற்குப் பிறகு சனம் வந்துகொண்டே இருந்தது. தயாளன், நான் கூட்டத்தில் லான் கடையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவைத்திருந்தான். மரச் சட்டம் செய்து பத்துச் சேலைகளை வாசலில் விரித்துவிட்டான். மொத்தக் கூட்டமும் அங்கே மொய்த்தது. ஹனோய்வரை போய்க் கண்டுவந்தது நான், சட்டம் செய்தது அவன். என் கடையில் சுமதி மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கயிற்றைப் பிடித்தபடி வயிறெரிந்தேன்.

பன்னிரண்டு மணிக்குமேல் கோமதி வந்தாள். ஆட்டோவில் அல்ல, வீட்டிலிருந்து நடந்து. கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன், குனிந்து உள்ளே போனாள். நடுத்தெருவில் நடந்தாள். என் கடையைத் தாண்டி தயாளன் கடையில் நின்று, சட்டத்தில் கிடந்த அரக்கு நிறச் சேலையின் முந்தானையைத் தூக்கிப் பார்த்தாள். அவன் நாற்காலி போட, உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பூக்காரியிடம் அரை மணி நேரம் பேசினாள்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தயாளன் என்னிடம் வந்தான்.

"அடுத்த வாரம் நான் கயிறு புடிக்கிறேன். நீ கடையில உக்காருண்ணா."

"அடுத்த வாரமும் உண்டா?"

"கூட்டத்துல நாந்தான் மொத கை தூக்கப் போறேன். நீ வேணும்னா எதிர்த்துப் பேசு," என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்லும் முன்பே கடைக்கு ஓடினான்.

மணி இரண்டாயிற்று. கயிற்றுக்கு வெளியே பைக்கும் ஆட்டோவுமாக வரிசை நின்றது. கோமதி பூவை வைத்துக்கொண்டு தெருவின் அந்தக் கோடியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள், நடை சாத்தியிருந்தாலும் கோயில் பக்கம் திரும்ப. இன்னும் நாலைந்து கடை தூரம். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள், அவசரமில்லாமல்.

"டைம் ஆச்சு சார், அவுருங்க," என்றார் முன்னால் நின்ற ஆட்டோக்காரர். பின்னாலிருந்து ஹார்ன்கள்.

முடிச்சில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் திருப்பத்தைக் கடந்து மறைந்த பிறகு அவிழ்த்தேன்.